மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த முன்பாய்

புது மாப்பிள்ளை சொல்வது தப்பு என்று சொல்லும் தைரியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. கல்யாணமான முதல் ஆறு மாதம் மாப்பிள்ளை என்பவர் ஒரு தற்காலிக பிஷப். சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால் உப்பு இல்லைதான். அடுத்த வாய் சாப்பிட்டுவிட்டு உப்புக் கரிக்கிறது என்றால் அதுவும் சரிதான். இந்த மரியாதையைத் தாங்கும் பக்குவம் சிலருக்கு இருக்கும். எனக்கு இல்லை. அதனால் நானும் என் மாமனாரும் மாமியாரும் ஒரு படகோடு சேர்ந்து, நங்கூரம் போட்டு நின்ற நிலக்கரிக் கப்பலில் போய் முட்டப் பார்த்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் நாசரேத்துக்காரன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் உண்டு, கோயில் உண்டு, கோபுரத்தில் மணி உண்டு. கடல் கிடையாது. கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு போட்டோ எடுக்கும் அளவுக்குத்தான். ஆனால் வேலை தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்கப் பேப்பர் போடுவது என் தொழில். உலகத்தில் உள்ள அத்தனை சாமானும் ஒரு வரியாக என் மேஜையைக் கடந்து போகும். ஆகவே உலகத்தில் உள்ள அத்தனை சாமானும் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (சாமானைப் பார்த்ததில்லை. பேரைப் பார்த்திருக்கிறேன். போதாதா?)

இரண்டு கட்டடம் தள்ளி இன்னொரு ஆபீசில் வேலை பார்த்த ஜெனியைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கி, கல்யாணம் முடித்தேன். ஜெனி வீடு தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே. அவள் அப்பா, சேவியர் மாமா, சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் என்றால் அவருக்கு அடுப்பங்கரை மாதிரி. ஓய்வு பெற்ற கையோடு இருபத்தோரு அடியில் சின்னதாக ஒரு பாய்ப் படகு வாங்கிவிட்டார். பென்ஷன் வாங்கினால் மனுசன் நிலம் வாங்குவான், இவர் திரும்பவும் கடலுக்கே போகிறாரே என்று ஜெனியின் அம்மா, பிலோமினா அத்தை, அன்றைக்கே ஒரு பாட்டம் அழுதாராம்.

அந்த அழுகைக்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. படகின் முன்மூக்கை அணியம் என்பார்கள். அணியத்திலிருந்து பாய்மரத்தின் உச்சிக்கு ஒரு கம்பி போகும். அந்தக் கம்பியில் ஏற்றுகிற முக்கோணப் பாய்தான் முன்பாய். காற்று கூடினால் அதை இறக்குவதற்கு ஒருவர் அணியத்துக்குப் போய், ஆடுகிற தளத்தில் நின்று மல்லுக்கட்ட வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில்தான் மாமா வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன், உள்ளே ஸ்டீல், ஆறு மாதம் கைத்தடி.

அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார். “இனிமே அந்தப் போட்டுல நீங்க உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கணும். ஒரே ஒரு தடவை எந்திரிச்சு முன்னால போனியன்னு தெரிஞ்சா போதும், அன்னைக்கே வித்துருவேன்.” வெறும் மிரட்டல் இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்து ரிசார்ட்காரர் ஒருவர் டேப்போடு வந்து படகை அளந்துவிட்டு, எப்போது சொன்னாலும் லாரி அனுப்புகிறேன் என்று அத்தையிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டும் போயிருந்தார்.

மாமாவுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. முன்பாயை ஏற்றி இறக்காமல், கம்பியைச் சுற்றியே சுருட்டிவைக்கிற ரோலர் ஃபர்லிங் என்ற ஏற்பாடு. கம்பியின் அடியில், அணியத்தில், ஒரு உருளை இருக்கும். பாயை விரித்தால் உருளை சுற்றி, அதோடு கட்டிய கயிறு உருளைக்குள் சுற்றிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தபடியே அந்தக் கயிற்றை இழுத்தால் உருளை எதிர்ப்பக்கம் திரும்பி, பாய் முழுவதும் கம்பியில் சுருண்டுவிடும். கடை ஷட்டரை நிறுத்திவைத்த மாதிரி. எழுந்திருக்கவே வேண்டாம். இதை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

“ரோலர் ஃபர்லிங்தான மாமா? நம்ம ஆபீஸ்ல எத்தனையோ வந்திருக்கு. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

(வந்தது ஒரே ஒரு தடவை. மரப்பெட்டியில் வந்தது. பெட்டியை நான் திறக்கவில்லை.)

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. “மாப்பிள்ளைக்கு எதுக்கு சிரமம்?” என்றார். வேண்டாம் என்பதை எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் மரியாதையாகச் சொல்ல முடியாது. எனக்குத்தான் அது விளங்கவில்லை. “சிரமம் என்ன மாமா” என்று இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அத்தைக்கு ஒரே சந்தோஷம். “மாப்பிள்ளையே சொல்லுதாரு. பொறவு என்ன?” என்றார். அந்த நிமிடத்திலிருந்து மாமாவுக்கு லேசான இருமல் ஆரம்பித்தது.

முதல் வேலை, பாயைத் தேர்ந்தெடுப்பது. சென்னையில் பாய் தைத்துக் கொடுப்பவர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு சொன்னார். பெரியது மரத்தையும் தாண்டிப் பின்னால் வரைக்கும் வருமாம். “உங்க பக்கம் காத்து எப்படி சார்?” என்று கேட்டார்.

“தூத்துக்குடியில காத்துக்கென்ன பஞ்சம்? கச்சான் காத்து அடிச்சா ஆளையே தூக்கும்” என்றேன் பெருமையாக, ஏதோ நானே அடிக்கிற மாதிரி.

“அப்போ சின்னது போதும் சார். பெரிய காத்துக்குச் சின்னப் பாய்தான் நல்லது. பெரிய பாய் எடுத்தா, சுருட்டுறதுல ஏதாவது சிக்கல் வந்துட்டா கஷ்டம்.”

இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. எங்கள் வீட்டில் எந்தத் துணி எடுத்தாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் எடுப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு எடுத்த காக்கி டிரவுசரை நான் எட்டாம் வகுப்பு வரை போட்டிருக்கிறேன். துணி என்றால் பெரிதாக எடுப்பவன் புத்திசாலி, அளவாக எடுப்பவன் ஏமாளி. பாயும் துணிதானே! போதாக்குறைக்கு, விற்காமல் தங்கிப்போன சின்னப் பாயை இந்த ஆள் நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று வேறு ஒரு சந்தேகம். இந்தத் தந்திரமெல்லாம் என்னிடம் பலிக்குமா? “பெரிசே அனுப்புங்க” என்றேன். மாமாவிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் விடாமல் இருமினார். அத்தை சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

சாமான் வந்து இறங்கியது. மாட்டுவதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படகுத்துறையில் இரண்டு சனிக்கிழமை வேலை பார்த்தேன். முதல் தடவை கயிற்றை உருளையில் கட்டாமலேயே பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். விரித்த பாயைத் திரும்பச் சுருட்ட இழுப்பதற்குக் கயிறே இல்லை. மாமா இருமினார். அவிழ்த்துத் திரும்ப மாட்டினேன். பாயை மேலே இழுத்துக் கட்டுகிற கயிற்றைக் கட்டில் நாடா மாதிரி முறுக்கிவிட்டேன். மேலே ஏதோ ‘கிறீச்’ என்றது. மாமா இருமினார். கொஞ்சம் தளர்த்தினேன். இருமல் நின்றது. இப்படி இருமலைப் பார்த்துப் பார்த்தே முழு ஏற்பாட்டையும் சரிசெய்துவிட்டேன் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது என் திறமை என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை காற்றே இல்லாத காலையில், கட்டிப் போட்ட படகிலேயே சோதித்துப் பார்த்தோம். மாமா பின்னால் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். பாய் வழுக்கிக்கொண்டு சுருண்டது. விட்டார், விரிந்தது. திரும்ப இழுத்தார். கைத்தடி பக்கத்தில் கிடக்க, அந்தப் பெரிய மனுசர் விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கண் கலங்கியிருந்தது. “எந்திரிக்கவே வேண்டாம் மாப்பிள்ளை” என்றார். அந்தப் படகு போனால் இந்த மனுசர் என்ன ஆவார் என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாக வந்தது. வந்த பயம் அப்படியே இருந்திருக்கலாம். இரண்டு நாளில் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை பரீட்சை. நடுவர், அத்தை. அவரே படகில் ஏறி, கடலுக்குப் போய், மாமா எழுந்திருக்காமல் பாயை விரித்துச் சுருட்டுகிறாரா என்று கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். கையில் செபமாலை, மடியில் கொய்யாப்பழம் வைத்த ஒயர் கூடை, பழம் நறுக்க ஒரு கத்தி. கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் தீர்த்தமும் கொண்டுவந்து படகு முழுக்கத் தெளித்தார். ஜெனி கரையில் நின்று வீடியோ எடுப்பதாக ஏற்பாடு.

நான் இரண்டு காரியம் செய்தேன். இரண்டும் யோசித்துச் செய்தவை என்பதுதான் கொடுமை.

ஒன்று, பின்னால் மாட்டியிருந்த சின்ன மோட்டாரைக் கழற்றிக் கரையில் வைக்கச் சொன்னேன். படகின் பின்பக்கம் கனம் இருக்கக் கூடாது என்று ஏதோ ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். “நாம என்ன மோட்டார் போட்டுலயா மாமா போறோம்? பாய்ப் படகுக்குப் பாய்தான் அழகு” என்றேன். மாமா வானத்தைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். “மாப்பிள்ளை சொன்னா சரிதான்” என்றார். பாய்மரத்துக்குப் பின்னால் ஏற்றும் முதன்மைப் பாயையும் அன்றைக்கு ஏற்றவில்லை. முன்பாய்க்குத்தானே பரீட்சை.

இரண்டு, மாலை. புதுச் சாமான் மாட்டிய படகுக்கு மாலை போடாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கடலில் இறக்க மாட்டார்கள். மீன்பிடி வள்ளம் என்றால் அணியம் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், மாலையை அப்படியே மாட்டிவிடலாம். பாய்ப் படகில் அப்படி ஒரு இடமே இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அந்த உருளை. பார்ப்பதற்குக் கழுத்து மாதிரியே இருந்தது. நான் வாங்கி வந்ததும் சாதாரண மாலை இல்லை. மாப்பிள்ளை வாங்கும் மாலை அல்லவா? ரோஜாவும் சம்பங்கியும், நடுநடுவே தங்கக் கலர் பிளாஸ்டிக் மணியும், வாழைநாருக்குப் பதிலாக நைலான் கயிற்றில் கட்டிய கல்யாண மாலை. “நார் அறுந்துரும் அண்ணாச்சி, நைலான்லயே கட்டுங்க” என்று பூக்கடைக்காரரிடம் நானே சொல்லி, இரட்டைச் சரமாகக் கட்டி வாங்கி வந்திருந்தேன்.

“அங்கன வேண்டாமே மாப்பிள்ளை” என்றார் மாமா. “வெயில்ல வாடிப்போயிரும்.”

வாடிப்போகும் என்றார். சிக்கிக்கொள்ளும் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கப்பலில் மனுசர்களை மேய்த்தவர், மூன்று மாத மாப்பிள்ளையிடம் பூ வாடும் என்கிறார்! நான் உருளையில் மாலையை மாட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, அவிழாமல் முடிச்சும் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று. கயிற்றை விட்டோம், முன்பாய் பூராவும் விரிந்தது. உருளை ‘கிர்ர்’ என்று சுற்றியது. ரோஜா இதழ்கள் நாலா பக்கமும் பறந்தன. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அத்தைகூட கும்பிட்டார். மாலையும் கயிறும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதை மாமா ஒருவர்தான் பார்த்தார். அவர் இருமவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கரை தள்ளிப் போனதும் கச்சான் எழும்பியது. மேற்கிலிருந்து, முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. அந்த மாதத்தில் பத்து மணிக்கு மேல் அது வரும் என்பது அந்த ஊரில் கருவாடு காயப்போடுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். என் பெரிய பாய் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளம்பியது. கொய்யாப்பழம் ஒவ்வொன்றாக உருண்டு கடலில் விழுந்தது.

“சரி, சுருட்டிருவோம்” என்றார் மாமா நிதானமாக. கயிற்றை இழுத்தார். ஒரு முழம் வந்தது. நின்றுவிட்டது. நானும் சேர்ந்து இழுத்தேன். அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். முன்னால் உருளையில் நைலான் கயிறு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வாங்கியது அறுந்துபோகிற மாலையா என்ன?

“திருப்பிக் கரைக்குப் போயிரலாமா மாமா?” என்றேன்.

“முன்பாய மட்டும் வச்சுக்கிட்டு எதிர்க்காத்துல எங்க திரும்ப?” என்றார். மோட்டார் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்போதுதான் கப்பலைக் கவனித்தேன். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்ற நிலக்கரிக் கப்பல். போன வாரம் அதன் சரக்குக்குப் பேப்பர் போட்டவனே நான்தான். பேப்பரில் அது ஒன்றரை வரி. நேரில் அது ஒரு தெரு. நாங்கள் நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மாமா சுக்கானை எவ்வளவு திருப்பியும் அந்தப் பெரிய பாய் படகைத் திரும்ப விடவில்லை. ஒவ்வொரு தடவை நிமிர்ந்து பார்க்கும்போதும் அது இன்னும் உயரமாக இருந்தது. மேலே ஒருவர் டீ டம்ளரோடு வந்து கம்பியில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்தார்.

பயத்தில் நான் செய்த அடுத்த காரியம், பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை இன்னும் இறுக்கி இழுத்தது. படகு பாதி படுத்துவிட்டது.

“ஏலே! அத விடுலே! விடுலே மூதி!”

யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். மாமா. சேவியர் மாமா. ‘வாங்க, போங்க’ தவிர வேறு வார்த்தை அறியாத என் மாமனார். மூன்று மாத மரியாதை முழுக்க அந்த ஒரு வாயில் கடலில் போய் விழுந்தது. கையிலிருந்த கயிறு தானாக விட்டுப்போனது. படகு நிமிர்ந்தது. ஆனால் விட்ட பாய் காற்றில் அடித்துக்கொண்ட அடியில் மரமே ஆடியது. பேசுவது காதில் விழவில்லை. காற்று படகைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தது.

“யாராவது அணியத்துக்குப் போயி அந்த மாலைய அறுத்தாத்தான் உண்டு” என்று கத்தினார் மாமா. சொல்லிக்கொண்டே சுக்கானை ஒரு கையில் பிடித்தபடி இன்னொரு கையை ஊன்றினார். முழங்கால் பாதி நிமிர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் போகிறார். எழுந்தால் படகு போச்சு. எழுந்து விழுந்தால் படகு மட்டுமா போகும்?

“நான் போறேன் மாமா!” என்றேன். போகவும் செய்தேன். தவழ்ந்து, ஒரு ஆறடி. மரம் வரைக்கும். மரத்தைப் பிடித்தேன். பிடித்தவன் பிடித்தவன்தான். அதற்கு அந்தப் பக்கம் வழுவழுவென்று தளம், அதன் மேல் பேய் பிடித்த மாதிரி வீசிக்கொண்டிருந்த பாய், அதைத் தாண்டி ஏறி இறங்கும் அணியம், அதையும் தாண்டிக் கறுப்பாக இரும்புச் சுவர். போ, போ என்று மனசு சொல்கிறது. கை விடமாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவ்வளவு பயப்பட்டதும் இல்லை.

“உக்காருங்க!” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அத்தை, மாமாவின் தோளை அமுக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் அதே குரல், ஆனால் பூ மாதிரி.

“மாப்பிள்ளை, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதியளா?”

கண்ணைத் திறந்தேன். சேலையை வரிந்து செருகி, செபமாலையைக் கழுத்தில் போட்டு, கொய்யாப்பழக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு (கத்தியை ஒரு கையில் எடுத்துக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னார், திரும்பக் கடித்துக்கொண்டார்) அறுபது வயது மாமியார் என்னைத் தாண்டித் தவழ்ந்து போனார். பாய் ஒரு தடவை அவர் தலைக்கு மேல் ‘சடார்’ என்று போனது. குனிந்துகொண்டார். அணியத்தில் போய் இரண்டு காலையும் இரண்டு பக்கம் போட்டு உட்கார்ந்தார். அலை அடித்து முழுக்க நனைத்தது. முகத்தை வழித்துவிட்டு, மீன் செதில் எடுக்கிற அதே வேகத்தில் உருளையில் கத்தியைப் போட்டார்.

ஒரு சரம் அறுந்தது. இரண்டாவது சரம். பிளாஸ்டிக் மணி தெறித்தது. சுற்றிச் சுற்றி உருவி எடுத்துக் கடலில் வீசினார். “எந்தப் பாவி மவன் நைலான்ல கட்டுனது!” என்று உருளையைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இழுங்க!” என்று திரும்பிக் கத்தினார்.

மாமா இழுத்தார். உட்கார்ந்தபடியே. உருளை திரும்பியது. அந்தப் பாழாய்ப்போன பெரிய பாய் ஒவ்வொரு சுற்றாகச் சுருண்டு ஒன்றுமில்லாமல் போனது. சத்தம் நின்றது. படகின் வேகம் குறைந்தது. மாமா சுக்கானைத் திருப்பி, கப்பலின் பின்பக்கமாக, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எங்களைத் தாண்ட வைத்தார். மேலே டீ டம்ளர்க்காரர் அத்தையைப் பார்த்து சல்யூட் அடித்தார். நான் இன்னும் மரத்தை விடவில்லை.

அந்த வழியாக வந்த வள்ளக்காரர் ஒருவர் கயிறு போட்டு எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். “என்ன அண்ணாச்சி, பூவெல்லாம் தூவி ஊர்வலமா?” என்று மாமாவைக் கேட்டார். மாமாவின் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. படகு போய்விட்டது என்று அவர் முடிவுசெய்துவிட்டார் என்பது தெரிந்தது. சுக்கானைத் தடவிக்கொண்டே வந்தார். எல்லாம் என்னால். கரை வரும் வரை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கரையில் இறங்கியதும் அத்தை முன்னால் போய் நின்றேன். “அத்தை, மாமா மேல ஒரு தப்பும் இல்லை. பாயைப் பெரிசா எடுத்தது நான். மோட்டாரைக் கழட்டுனது நான். மாலையைக் கட்டுனது நான். அதுக்காகப் போட்டை வித்துராதிய” என்றேன். அழுகை வந்துவிட்டது. ஜெனி வீடியோவை நிறுத்தவில்லை. (என் மனைவி!)

அத்தை சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். “அவிய எந்திரிச்சாவளா?” என்று கேட்டார்.

“இல்ல அத்தை.”

“முன்னால போனாவளா?”

“இல்ல.”

“பொறவு எதுக்கு விக்கணும்?” என்றார். மாமா பக்கம் திரும்பினார். “முப்பத்தஞ்சு வருசமா கடல் கடல்னு பெட்டியத் தூக்கிட்டுப் போனிய. நான் கரையில நின்னு அழுதேன். ஒரு நாளாவது கூப்பிட்டுப் போயி இதுதான்ளா கடல்னு காட்டுனியளா?” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இம்புட்டு நல்லா இருக்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

மாமா என்னைப் பார்த்து, “மாப்பிள்ளை, ஒரு வேகத்துல ஏலேன்னு...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் சரியாத்தான் கூப்பிட்டிய” என்று முடித்துவைத்தார் அத்தை. ரிசார்ட்காரருக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு, படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

பெரிய பாய் சென்னைக்குத் திரும்பிப் போய், சின்னதாகி வந்தது. தைப்பவரிடம் இந்தத் தடவை பேசியது அத்தை. உருளை, கயிறு, பாயின் இறுக்கம், எல்லாம் இப்போது அவர் பொறுப்பு. அணியம் பக்கம் வேறு யாரும் போகக் கூடாது. மாமா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறார்கள், மோட்டாரோடு. நான் கரையில் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு சட்டமும் வந்துவிட்டது. படகு விஷயத்தில் மாப்பிள்ளை மரியாதை கிடையாது. போன கிறிஸ்துமசுக்கு ஜெனியின் தங்கையைக் கட்டிய புது மாப்பிள்ளை மதுரையிலிருந்து வந்திருந்தார். பேங்க் உத்தியோகம், நல்ல பையன். படகுத்துறையில் நின்றுகொண்டு, “மாமா, அந்தக் கயிறை இந்தப் பக்கம் கொண்டுவந்தா இன்னும் ஈஸியா இருக்குமே?” என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா இருமவே இல்லை. “ஏலே, வாய மூடிக்கிட்டு உக்காருலே” என்றார் அந்தப் பையனிடம், ரொம்பப் பிரியமாக. பையன் ஆடிப்போய்விட்டான்.

அவனைச் சமாதானப்படுத்த அத்தை அன்று இரவு சாப்பாட்டில் முழுக் கதையையும் சொன்னார். நான் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த நேரம் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. இப்போது ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிட்டது. நான் கர்த்தரை மட்டுமல்ல, எங்கள் மேனேஜரையும் கூப்பிட்டு அழுததாக ஒரு புது விஷயமும் சேர்ந்திருக்கிறது. ஜெனி வீடியோவையும் போட்டுக் காட்டினாள். அதில் பாதிக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். பின்னணியில் அவள் குரல்: “எவ்வளவு அழகா போறாங்க! ... இன்னும் போறாங்க... ஏன் இன்னும் போறாங்க?”

நான் எதையும் திருத்துவதில்லை. கதையில் அத்தை கத்தியைப் பல்லில் கடிக்கிற இடம் வரும்போது மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, முதல் தடவை கேட்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“நாளைக்குக் காத்து எப்படி, பிலோ?”

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். அந்த வீட்டில் என்னிடம் அதை யாரும் கேட்பதில்லை.